அடுப்புப் புகையில் ஒரு ஃபிளாப்பி

போன வாரம் நான் சைக்கிளோடு கொடைக்கானல் ஏரிக்குள் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. அது ஏரிக்கும் தெரிந்திருந்ததால் என்னை ஓரத்திலேயே நிறுத்திவைத்தது. இந்த வாரம் தண்ணீர் வேண்டாம். புகைக்குப் போவோம்.

கொடைக்கானலுக்கும் மேலே, கவுஞ்சி என்ற ஊரில் மூக்கையா அண்ணன் வீட்டுச் சமையல்கட்டு. பகல்தான். ஆனாலும் உள்ளே அந்தி மாதிரி இருக்கிறது. விறகடுப்பில் ஏதோ கொதிக்கிறது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு மூங்கில் கழி. அதில் விதைப்பூண்டு, தாளோடு சேர்த்து முடிந்து, கட்டுக் கட்டாகத் தொங்குகிறது. மலைப்பூண்டை விதைக்கு வைக்க வேண்டுமென்றால் இப்படித்தான் புகை காட்டி வைப்பார்கள். ஈரம் அண்டாது, பூச்சி நெருங்காது.

"நல்லாப் பாருங்க வாத்தியாரே. ஒங்க சரக்கும் பத்திரமாத்தான் கெடக்கு" என்றார் மூக்கையா அண்ணன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில், வாழை நாரில் கட்டி, சதுரமாக, கன்னங்கரேலென்று ஒன்று தொங்கியது. கருவாடு என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஃபிளாப்பி. கம்ப்யூட்டர் ஃபிளாப்பி. அதைத் தேடித்தான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற அருள்தாஸ் அண்ணாந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எங்களுக்குள் அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

பாதி 'ஈ' தட்டும் இன்ஸ்டிடியூட்

அந்த ஃபிளாப்பி எப்படி மூங்கில் ஏறியது என்பதைச் சொல்ல, கொஞ்சம் கீழே இறங்கிக் கொடைக்கானல் பஜாருக்கு வர வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு பேக்கரிக்கு மேல், தகரக் கூரை மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பது போர்டில் இருந்த செய்தி. உண்மையில் நடத்தியது என் மனைவி புஷ்பம்.

புஷ்பம் சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். டீயை இன்றுவரை தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். மெஷினில் உட்கார்ந்தால், தகரக் கூரையில் மழை பெய்கிறதா, அவள் டைப் அடிக்கிறாளா என்று வெளியே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அடித்தால் அந்தச் சந்தேகம் யாருக்கும் வராது. கூரையிலிருந்து ஒற்றைச் சொட்டு விழுகிற மாதிரி இருக்கும். எங்களிடம் இருந்த ஒரு மெஷினில் 'ஈ' எழுத்து பாதிதான் விழும். அதில்தான் நான் பாடம் எடுப்பேன். தப்பு வந்தால் மெஷினைச் சொல்லிக்கொள்ளலாம்.

அருள்தாஸ் என் பள்ளிக்கூடச் சிநேகிதன். அட்டுவம்பட்டிக்காரன். வெளிநாட்டு வாத்தியார் ஒருவரிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவன். அந்த வாத்தியாருக்குக் கடல் தாண்டிச் சில பத்திரிகைகள் வரும். அவற்றில் புரோகிராம்களை முழுசாக, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அச்சடித்திருப்பார்கள். வேண்டியவர் தட்டிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அதைப் பார்த்ததிலிருந்து அருளுக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது.

"புரோகிராம்ங்கிறது மறைச்சு வைக்கிற சாமான் இல்ல மாப்ள. எழுதுனா காட்டணும். கேட்டாக் குடுக்கணும்."

"குடுத்துட்டு நாம என்ன செய்ய?"

"அடுத்ததை எழுத."

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?"

அதற்குத்தான் எங்கள் வீடு இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பான்.

நாங்கள் இருவருமாகச் சேர்ந்து மதுரையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினோம். காட் ரோடு மலை வளைவுகளில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த நான், பெருமாள் மலை வரும்போது அதன்மேலேயே வாந்தி எடுக்காமல் தப்பித்தது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். எலுமிச்சம்பழத்தை எனக்குக் காட்டாமல் கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொண்டே வந்தான் அருள்.

பூட்டிய பெட்டியும் திறந்த பெட்டியும்

கம்ப்யூட்டரோடு கூடவே ஒரு ஃபிளாப்பியும் வாங்கினோம். கடிதம் அடிக்கிற புரோகிராம். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. ஆனால் போட்டவுடன் ஓடும். புஷ்பத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஓட்டல் மெனு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், சர்ச் நோட்டீஸ் எல்லாம் அதில்தான். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான்.

அருளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "தங்கச்சி, அது பூட்டுன பெட்டி. உள்ள என்ன நடக்குதுன்னே ஒனக்குத் தெரியாது."

"அருளண்ணே, இவருக்குள்ள என்ன நடக்குதுன்னுகூடத்தான் தெரியாது. குடும்பம் நடத்தலையா?" என்று என்னைக் காட்டுவாள். "மத்தியானத்துக்குள்ள மெனுக் கார்டு வேணும்னு ஓட்டல்காரர் நிக்கிறாரு. ஒங்க புரோகிராம்ல அடிச்சா எப்ப வரும்?"

"என்னோடது கொஞ்சம் மெதுவாத்தான்..."

"அப்ப தள்ளுங்க."

இந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். சாப்பாட்டு வேளையில் புஷ்பம் பக்கம். டீ குடிக்கும்போது அருள் பக்கம். மற்ற நேரத்தில் கல்லாப் பெட்டிப் பக்கம்.

மெஷினுக்கு அண்ணன் தம்பி கிடையாது

அப்போதுதான் மூக்கையா அண்ணன் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கவுஞ்சியில் பூண்டு போடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பூண்டு காய்ந்து மூட்டை கட்டியதும் வடுகபட்டிச் சந்தைக்கு லாரியில் போகும். எல்லார் மூட்டையும் ஒரே நாளில் போகாது. முதல் லாரி போனவருக்கு நல்ல விலை. கடைசி லாரிக்குள் மழை பிடித்துக்கொண்டால், மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டால், பூண்டு வீட்டிலேயே முளைக்கும். அதனால் யார் மூட்டை எந்த லாரி என்று முறை போடுவதுதான் அந்த ஊரில் பெரிய காரியம்.

முந்தின தடவை முறை போட்டவர் மூக்கையா அண்ணன். அவர் மூட்டை முதல் லாரியில் இருந்தது. அவர்தான் முதலில் பிடுங்கியவர், அதில் தப்பில்லை. ஆனால் அவருடைய சொந்தத் தம்பி வேலுச்சாமியே கோயில் முன்னால் நின்று கத்தினான். வார்த்தை தடித்துக் கைகலப்பாகி, தம்பிக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஒரே சுவர், இரண்டு வாசல்.

"மிஷினுக்கு அண்ணன் தம்பி கெடையாதுல்லங்க? அதுவே முறை போட்டுக் குடுத்துரட்டும். இன்னொரு தடவை ஊர்ல ரத்தம் விழுந்தா நான் தலைகாட்ட முடியாது" என்றார்.

அருள் உட்கார்ந்து எழுதினான். சின்ன புரோகிராம்தான். வீட்டுப் பேரைக் கேள், பிடுங்கிய நாளைக் கேள், மூட்டையைக் கேள், முதலில் பிடுங்கியவரை முதலில் போடு, இருவர் ஒரே நாள் என்றால் போன தடவை பின்னால் போனவரை இந்தத் தடவை முன்னால் போடு. பத்து, இருபது, முப்பது என்று வரிக்கு ஒரு எண்.

"ஏண்டா பத்துப் பத்தாத் தாவுற? ஒண்ணு, ரெண்டுன்னு போட வேண்டியதுதானே?"

"நடுவுல எடம் விட்டு வைக்கணும் மாப்ள. பின்னாடி யாருக்காவது ஒரு வரி செருகணும்னு தோணுச்சுன்னா?"

"யாருக்குத் தோணும்?"

"யாருக்கு வேணா தோணலாம்ல."

எனக்கு அது இடத்தை வீணடிக்கிற காரியமாகப் பட்டது.

அந்தத் தடவை பட்டியல் அழகாக வந்தது. ஆனால் மூக்கையா அண்ணன் மறுபடியும் முதலில் பிடுங்கியிருந்தார். மறுபடியும் முதல் லாரி. அடிதடி நடக்கவில்லை, முணுமுணுப்பு மட்டும் நடந்தது. "மிஷினுக்குள்ள என்னத்தச் சொல்லிவச்சிருக்காரோ" என்று வேலுச்சாமி சந்தையில் வைத்துச் சொன்னது எங்கள் மாடிவரை ஏறி வந்தது.

அருள் அன்றே புரோகிராமைத் தாளில் அச்சடித்தான். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் தமிழில் அர்த்தம் எழுதினான். எடுத்துக்கொண்டு கவுஞ்சிக்குப் போய், கோயில் முன்னால் நின்று, ஊரைக் கூட்டி வாசித்தானாம். வாசித்து முடித்துத் தாளையும், ஃபிளாப்பியில் ஒரு நகலையும் சங்கத்திடம் கொடுத்துவிட்டு வந்தான்.

"என்ன சொல்லிக் குடுத்த?"

"இதை வெதைப்பூண்டு மாதிரி வச்சுக்கங்கன்னேன். யார் கேட்டாலும் குடுங்கன்னேன்."

"எல்லாத்தையும் குடுத்துட்டா நாளைக்கு நம்ம மாடிப்படி எவன்டா ஏறுவான்? மன்னவனூர்க்காரன், பூம்பாறைக்காரன் எல்லாம் வருவான்னு நெனச்சிட்டிருந்தேனே!"

"வரலைன்னா என்ன? அவங்க சண்டை தீந்துருச்சுல்ல?"

அன்று சாயங்காலமே ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினேன். யானையைக் கட்டிவைக்கிற சைஸ். எங்களிடம் இருந்த ஃபிளாப்பிகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, காற்றுக்கூடப் போகாமல் மூடிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். புஷ்பத்துக்கு வேலைக்கு வேண்டிய ஃபிளாப்பி மட்டும் வெளியே. அருள் அந்தப் பூட்டைப் பார்த்தான். என் இடுப்பைப் பார்த்தான். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அதற்கப்புறம் வரவில்லை.

பெட்டிக்குள் பூத்தது

கொடைக்கானல் மழைக்காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறையப் புலம்பிவிட்டேன். செருப்பில் பூஞ்சை பூக்கும். பெல்ட்டில் பூக்கும். ஒரு தடவை என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் பூத்தது. ஆனால் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பூக்காது என்று நான் எப்படி முடிவு செய்தேன் என்பது இன்றும் எனக்கே புரியவில்லை.

மழை விட்டு அடுத்த பூண்டு காய்ந்தது. மூக்கையா அண்ணன் ஆள் அனுப்பினார். லாரி நாளை மறுநாள் வெள்ளனே வருகிறது, முறைப் பட்டியல் வேண்டும். மேலத்தெருவும் கீழத்தெருவும் இப்போதே முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இதுதான் செய்தி. "இதோ, நாளைக்கே கையில" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஃபிளாப்பிகள் பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தன.

துடைத்துப் போட்டுப் பார்த்தோம். கம்ப்யூட்டர் கறகறவென்று கத்தியது. மறுபடி துடைத்தோம். இன்னும் கொஞ்சம் பரிதாபமாகக் கத்தியது.

"இந்தப் பூட்டு பூட்டுனா பூசணம் வராம வேற யாரு வருவா? இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் புஷ்பம்.

"மதுரையில ரெடிமேடா ஒண்ணு வாங்கி..."

"கவுஞ்சி லாரிக்கு முறை போடுற புரோகிராம் மதுரைக் கடையில தொங்குதாக்கும்? அருளண்ணன் கவுஞ்சியில ஒரு நகல் குடுத்தாங்கல்ல. காலைல முதல் பஸ்ஸுக்குப் போயி வாங்கிட்டு வாங்க. மத்தியானம் வந்தா சாயங்காலத்துக்குள்ள நான் பட்டியல் அடிச்சுத் தாறேன். வெளங்குதா?"

விளங்கியது. பட்டியல் இல்லாமல் லாரி வந்தால் கோயில் முன்னால் மறுபடி தலை உடையும். மூக்கையா அண்ணன் எங்கள் வாக்கை நம்பி ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கோபத்துக்கு ஒத்துவராத பஸ்

காலையில் பஸ்ஸில் ஏறினால் ஒரே ஒரு இடம்தான் காலி. பக்கத்தில் அருள்தாஸ். மங்கி குல்லாவுக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது. புஷ்பம் அவனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று அந்தக் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான், நான் கண்டக்டரைப் பார்த்தேன். ஆனால் அந்த மலைப்பாதை பஸ்ஸில் விறைப்பாகக் கோபித்துக்கொண்டு உட்கார முடியாது. ஒரு வளைவில் நான் அவன் மடியில். அடுத்த வளைவில் அவன் என் மடியில். பூம்பாறை வருவதற்குள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் புஷ்பமும் சாய்ந்துகொண்டதைவிட நாங்கள் அதிகம் சாய்ந்துவிட்டோம். அப்படியும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அவன் மட்டும் ஒருமுறை இரைந்து தும்மினான். அதைப் பேச்சில் சேர்க்க முடியாது.

அப்படிப் போய்த்தான் மூக்கையா அண்ணன் சமையல்கட்டில், மூங்கில் கழிக்குக் கீழே நின்றோம்.

"வெதைப்பூண்டு மாதிரி வச்சுக்கங்கன்னு அருள் தம்பிதானேங்க சொல்லுச்சு? அதான் வெதை வைக்கிற எடத்துலயே வச்சேன். நெதமும் புகை. ஒரு பொட்டு ஈரம் ஏறல பாருங்க" என்று பெருமையாக அவிழ்த்துக் கொடுத்தார்.

ஈரம் ஏறவில்லைதான். வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு பக்கம் வளைந்து, கரி பூசி, பூண்டு மணத்தோடு இருந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலவென்றது.

என்னுடையது பூட்டினதால் செத்தது. அவனுடையது கொடுத்ததால் செத்தது. ஆளுக்கொன்று.

"போச்சு" என்றான் அருள். இத்தனை மாதத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, புகை இருந்தது.

"அண்ணே, இது ஓடாதுங்க. பட்டியல் போட முடியாது" என்றேன். சொல்லும்போதே என் தலையில் தையல் போடுகிற மாதிரி இருந்தது.

மூக்கையா அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்கு ஏங்க இம்புட்டுக் கலங்குறீக? வெதைய ஒரே வீட்டுல வச்சிருப்பாகளா? வாங்க."

பத்துக்குப் போ

கோயில் முன்னால் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. நடுவில் கூழாங்கற்களைக் குவியல் குவியலாக வைத்திருந்தார்கள். ஒரு குவியல் ஒரு வீடு, ஒரு கல் ஒரு மூட்டை. அருள் அன்று கொடுத்த தாளின் தமிழை வேண்டியவர்களெல்லாம் கையால் எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மேலத்தெருவில் ஒன்று, கீழத்தெருவில் ஒன்று, டீக்கடைச் சுவரில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. ஒருவர் விட்ட வரி இன்னொருவரிடம் இருந்தது. எல்லாவற்றையும் தரையில் விரித்துக் கல் வைத்திருந்தார்கள். எங்கள் பட்டியல் வந்ததும் ஒத்துப் பார்க்கத் தாங்களே ஒரு முறை போட்டு வைக்கிறார்களாம்.

நெற்றியில் தழும்போடு ஓர் ஆள் நடுவில் நின்று, தாளில் விரலை வைத்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். வேலுச்சாமி.

"நாப்பது! இன்னும் வீடு பாக்கி இருக்கா?"

"இருக்கு!" என்று ஊர் கத்தியது.

"அப்பப் பத்துக்குப் போ! வீட்டுப் பேரு?"

"கொய்யாமரத்து வீடு!"

"இருவது! புடுங்குன நாளு? ஏலே, சரியாச் சொல்லு. செவ்வாயா, புதனா?"

"செவ்வாய்தான்யா! ஒம் பொண்டாட்டிதானே அன்னைக்கு எங்க காட்டுல புடுங்க வந்துச்சு, கேட்டுப் பாரு!"

சிரிப்பு. ஒரு கல் நகர்ந்தது. மறுபடி "நாப்பது!"

எங்கள் கம்ப்யூட்டர் செய்கிற அதே வேலை, அதே வரிசையில், ஒரு வரி தவறாமல் நடந்துகொண்டிருந்தது. எங்களுடையதற்குக் கரண்டு வேண்டும். இதற்கு வெற்றிலை போதுமாக இருந்தது. சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டார்கள், அங்கேயே தீர்த்தார்கள்.

அருளைத் திரும்பிப் பார்த்தேன். மங்கி குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தேர் பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

"மாப்ள, ஓடுது" என்றான்.

"ஓடுது. நம்ம பொழப்பும் சேந்து ஓடுது" என்றேன். ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சண்டை முடிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே. "பட்டியலை நான் சுத்தமா எழுதித் தர்றேன்" என்று முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போனேன். நோட்டீஸ் எழுதுகிற கையல்லவா. பேனாவைத் திறந்து, தாள்களை வாங்கி, வரிகளை ஒப்புப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில், அருள் விட்டுவைத்த இடத்தில், எல்லாத் தாளிலும் ஒரு புது வரி இருந்தது.

*65. முறை போடுகிறவன் மூட்டை கடைசி லாரியில்.*

"டேய், இது நீ எழுதுனதா?"

"இல்லையே" என்று அருள் குனிந்து பார்த்தான்.

மூக்கையா அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வெதைப்பூண்டு வாங்குனா, வெள்ளாமை முடிஞ்சு திருப்பிக் குடுக்கும்போது ஒரு கைப்பிடி கூடப் போட்டுத்தாங்க குடுக்கணும். எங்க ஊர்ல அதான் வழக்கம். வாங்குனத அப்படியே குடுத்தா மரியாதையில்ல. ஒங்களுக்கு என்னத்தக் கூடப் போடுறதுன்னு யோசிச்சோம். ஒரு வரி போட்டுட்டோம்."

"யாரு போட்டது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் தம்பிதான். போன மாசம் கூட்டத்துல, 'நடுவுல எடம் கெடக்குல்ல, இதச் செருகு'ன்னான். என்னப் பாத்துச் சொல்லல, சுவத்தப் பாத்துத்தான் சொன்னான். எனக்கும் சரின்னு பட்டுச்சு. கையத் தூக்கிட்டேன்."

அருள் அந்தத் தாளை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான். அங்கே புகை எதுவும் இல்லை. எனக்குத் தெரியும்.

கடைசி லாரி

அன்று இரவு மூக்கையா அண்ணன் வீட்டிலேயே தங்கி, வெள்ளனே எழுந்தோம். மஞ்சு விலகாத பாதையில் லாரிகள் முனகிக்கொண்டே வந்து நின்றன. என் அழகான கையெழுத்துப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வேலுச்சாமி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். மேலத்தெரு மூட்டை ஏறியது, கீழத்தெரு மூட்டை ஏறியது. யாரும் யாரையும் முறைக்கவில்லை. குளிருக்கு முறைக்கவும் முடியவில்லை.

மூக்கையா அண்ணன் தன் மூட்டைகளோடு ஓரமாக நின்றார். அவர்தான் இந்தத் தடவையும் முதலில் பிடுங்கியவர். செயலாளராக ஊரைக் கூட்டி முறை போட வைத்தவரும் அவர்தான்.

வேலுச்சாமி பட்டியலின் அடிக்கு வந்தான். பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினான்:

"அண்ணே! ஒம் மூட்டை கடைசி! வெரசா வந்து ஏத்து, மழை வரப்போகுது!"

அண்ணன் மூட்டையைத் தூக்காமல் என் கையைப் பிடித்தார். "கேட்டீகளா வாத்தியாரே? பேசிட்டான்ல!"

"திட்டுன மாதிரியில்ல இருந்துச்சு?"

"திட்டுனா என்னங்க? அண்ணேன்னுட்டான்ல!"

மூட்டையைத் தம்பியும் ஒரு பக்கம் பிடித்தான்.

நாங்களும் லாரியிலேயே கொடைக்கானலுக்குப் போய்விடலாம் என்று முடிவு. முதல் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் இடமிருந்தது. அருள் ஏறி உட்கார்ந்தான். நான் காலைத் தூக்கி வைத்தேன். பின்னால் வேலுச்சாமி குரல்.

"வாத்தியாரே, இந்தப் பட்டியல எழுதுனது யாரு?"

"நாந்தான்!" என்றேன், கையெழுத்தைப் பாராட்டப் போகிறான் என்று.

"அப்ப எறங்குங்க. அறுவத்தஞ்சு."

ஊரே சிரித்தது. அருள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முறைன்னா முறைதான் மாப்ள" என்று குல்லாவை ஆட்டிக்கொண்டே போனான்.

கடைசி லாரியில், மூக்கையா அண்ணனின் பூண்டு மூட்டைகளுக்கு மேலே, அவர் பக்கத்தில், தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் தம்பி புராணம். சின்ன வயதில் தம்பி மரத்திலிருந்து விழுந்தது, தம்பி திருட்டுத்தனமாகப் பீடி குடித்தது, தம்பி கல்யாணத்தில் மழை பெய்தது. மழையும் சொன்னபடி வந்தது. ஆனால் அதற்குள் எல்லா லாரியும் பாதையில் இருந்தன.

நான் நனைந்து, நடுங்கி, ஒரு சந்தையே நடந்து வருகிற மாதிரி மணத்துக்கொண்டு மாடி ஏறியபோது, அருள் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வாய் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில் புரோகிராம் முழுசாக ஏறியிருந்தது. கவுஞ்சித் தாளை அவன் வாசிக்க வாசிக்க, புஷ்பம் அடித்திருக்கிறாள். அறுபத்தைந்தும் இருந்தது. தகரப் பெட்டி திறந்து கிடந்தது. புதிய ஃபிளாப்பியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். ஈரம் இழுத்துக்கொள்ளுமாம்.

"யார் கேட்டாலும் நகல் குடுக்கலாம். ஆனா நகல் எடுத்துக் குடுக்கிறதுக்குக் கூலி உண்டு. ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?" என்றாள்.

எங்கள் இருவரின் பல மாதச் சண்டையும் இப்படி ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. மன்னவனூர்க்காரர்களும் பூம்பாறைக்காரர்களும் பிறகு வந்தார்கள். ஆளுக்கொரு வரி கூடப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றில் சிலது ஓடவே இல்லை. அது வேறு விஷயம்.

நான் நடுங்கிக்கொண்டே கேட்டேன்: "எனக்கு டீ?"

"முடிஞ்சுது. இனி விட்டா ரெண்டு பேரும் கதைச்சுக் கதைச்சே ஒரு மாசத் தேத்தூளைக் குடிச்சுத் தீத்துருவீங்க."

அலமாரியைப் பார்த்தேன். தேத்தூள் டின்னில் என் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. இடுப்பைத் தடவினேன். அரைஞாண் கயிற்றில் சாவி இல்லை; பெட்டியைத் திறந்த அன்றே பூட்டில் விட்டுவிட்டேன் போல.

"புஷ்பம், சாவி?"

"இது கேக்கிறவங்களுக்கெல்லாம் குடுக்கிற சாமான் இல்ல" என்றாள்.